காஸ் எங்கே போகிறது?

மூன்று வருடமாக ஒவ்வொரு மே மாதமும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டிருந்தேன். டாலஸில் கார் உதிரிபாகக் கடைகளில் எஞ்சின் ஆயில் வரிசைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் ஆர்-134ஏ. கூடவே ஒரு குட்டைக் குழாய், அதன் தலையில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை போட்ட சின்ன மீட்டர். ஏசியை ஃபுல்லில் வைத்து, குழாயை லோ சைடு வாயில் மாட்டி, டப்பாவை ஆட்டிக்கொண்டே நின்றால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் போனால் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எனக்கும் "நானே ரிப்பேர் பண்ணினேன்" என்று ஒரு பெருமை.

நாலாவது வருடம் கடைக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "போன வருஷமும் போட்டீங்க, அதுக்கு முந்தின வருஷமும் போட்டீங்க. போட்ட காஸெல்லாம் எங்கதான் போகுது?"

நான் மெக்கானிக்கல் பி.இ. பிழைப்பு மென்பொருள் என்றாலும் தெர்மோடைனமிக்ஸ் இரண்டு செமஸ்டர் படித்தவன். குளிர்பதனச் சுழற்சி மூடிய சுற்று, அதில் காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது என்பது பரீட்சைக்காவது எழுதிய விஷயம். குறைந்திருக்கிறது என்றால் வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் செய்தது ரிப்பேர் இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அன்று கடைக்குப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். காரில் ஓட்டையைத் தேடும் வேலையும், இந்தக் கசிவு எப்படி இவ்வளவு சாதாரண விஷயமாக ஆனது என்று பழைய கட்டுரைகளில் தேடும் வேலையும் சேர்ந்தே நடந்தன. இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் வீட்டு ஃப்ரிட்ஜை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் வீட்டில் இருந்த ஃப்ரிட்ஜ் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது, ஒரு தடவைகூட காஸ் போட்டதில்லை. காரணம், அதில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே போவது மின்கம்பி மட்டும். கார் அப்படி இல்லை. கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வரும் பெல்ட். ஆகவே சுழலும் ஒரு தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும், அந்த இடத்தில் ஒரு சீல். எஞ்சின் அதிர்வதால் எல்லாக் குழாயையும் உலோகமாக வைக்க முடியாது, சில இடங்களில் ரப்பர் ஹோஸ். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ஓ-ரிங். கார் ஏசி பிறக்கும்போதே கசிவதற்கு வழியோடு பிறந்தது.

கசிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1920-களில் கிடைத்த பதில் பயங்கரமானது. அன்றைய ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவைதான் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் விஷம், சில தீப்பிடிக்கவும் செய்யும். பெர்லினில் ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜ் கசிவால் இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் லியோ ஸிலார்டும் சேர்ந்து அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார்கள், காப்புரிமையும் வாங்கினார்கள். அசையும் பாகம் இல்லையென்றால் சீல் வேண்டாம், சீல் இல்லையென்றால் கசிவு இல்லை. ஆக அவர்கள் போன வழி கசிவை ஒழிப்பது.

ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போனது. கசிந்தாலும் ஆளைக் கொல்லாத காஸ் ஒன்று வேண்டும். அவர்களுடைய ஃப்ரிஜிடேர் பிரிவுக்காக 1928-இல் இந்த வேலை தாமஸ் மிட்ஜ்லியிடம் வந்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921-இல் கண்டுபிடித்த அதே மிட்ஜ்லி. அவரும் ஆல்பர்ட் ஹென்னியும் ராபர்ட் மெக்நேரியும் தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு யோசித்து, ஃப்ளோரின் சேர்ந்த சேர்மங்களில் வந்து நின்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் டைகுளோரோடைஃப்ளோரோமீத்தேன், பின்னாளில் ஃப்ரியான்-12, ஆர்-12.

இதில் ஒரு கதை உண்டு, மிட்ஜ்லியே பின்னாளில் சொன்னது. காஸைத் தயாரிக்க ஆன்டிமனி ட்ரைஃப்ளோரைடு வேண்டும். ஐந்து சின்னப் பாட்டில் வரவழைத்தார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் காஸ் செய்து ஒரு கினிப் பன்றியைக் கூண்டில் வைத்துச் சுவாசிக்க விட்டார்கள். அது ஜாலியாக உட்கார்ந்திருந்தது. அடுத்த பாட்டிலில் செய்த காஸில் கினிப் பன்றி செத்துப்போனது. பார்த்தால், மீதி நாலு பாட்டிலிலும் சரக்கு சுத்தமில்லை, அதனால் கூடவே ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உருவாகியிருக்கிறது. முதலில் கைக்கு வந்தது ஐந்தில் ஒன்றான அந்த நல்ல பாட்டில். வேறு எதை எடுத்திருந்தாலும் அங்கேயே கைவிட்டிருப்போம் என்று மிட்ஜ்லி நினைத்தார்.

ஒரு திருத்தம். 1929 மே மாதம் க்ளீவ்லேண்ட் க்ளினிக்கில் 123 பேர் இறந்த விபத்துக்கு மெத்தில் குளோரைடு கசிவுதான் காரணம், அதனால்தான் ஃப்ரியான் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நானும் முதலில் அப்படியே குறித்து வைத்தேன். ஆனால் அங்கே எரிந்தது நைட்ரோசெல்லுலோஸ் எக்ஸ்-ரே ஃபிலிம், ஆளைக் கொன்றது அதன் புகை. தவிர மிட்ஜ்லியின் வேலை அதற்கு முந்தைய வருடமே முடிந்துவிட்டது. கதை அழகாக இருந்தால் தேதியைப் பார்க்க வேண்டும்.

1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்தக் காஸை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, எரியவும் எரியாது. அந்த ஒரு மூச்சோடு கசிவு என்பது ஆபத்து என்ற கணக்கிலிருந்து செலவு என்ற கணக்குக்கு மாறியது.

கார் அந்த வசதியைத்தான் எடுத்துக்கொண்டது. 1940 மாடலுக்காக பேக்கார்டு நிறுவனம் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தந்தது, விலை 274 டாலர். குளிர்விக்கும் பகுதி டிக்கியில் உட்கார்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால் கம்ப்ரஸருக்குக் க்ளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டு வருடத்தில் கைவிட்டார்கள். 1954-இல் நாஷ் முழுச் சாதனத்தையும் முன்பக்கமே அடக்கிக் காட்டியது. 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசியோடு வந்தன.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தவர். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பும் கையுமாக நிற்பதைப் பார்த்து வந்துவிட்டார். ஆர்-12 காலத்தில் டப்பா ஒரு டாலர் சில்லறைதான் என்றார். குழாயில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும், அதில் நுரை தெரிந்தால் காஸ் குறைவு. நுரை மறையும்வரை ஏற்று, முடிந்தது. ரிப்பேருக்காகச் சுற்றைத் திறக்க வேண்டுமென்றால்? "இணைப்பைத் தளர்த்திவிட்டு ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவோம், அதற்குள் எல்லாம் போயிருக்கும்." மறைக்காமல் சொன்னார். அன்று அதில் மறைக்க ஒன்றுமில்லை.

(பழைய சில கார்களில் ஹை சைடு, லோ சைடு இரண்டு வாயும் ஒரே மாதிரி இருக்குமாம். தெரியாத்தனமாக டப்பாவை ஹை சைடில் மாட்டினால் அங்கிருக்கும் 200 பிஎஸ்ஐ-க்கு மேலான அழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்து வெடிக்கும். ஆர்-134ஏ வந்தபோது லோ சைடுக்கு 13 மில்லிமீட்டர், ஹை சைடுக்கு 16 மில்லிமீட்டர் என்று வாயையே மாற்றிவிட்டார்கள். என்னை மாதிரி ஆட்களுக்காகத்தான்.)

அந்தக் காஸ் எங்கே போனது என்று முதலில் அளந்து பார்த்தவர் ஜேம்ஸ் லவ்லாக். 1971-இல் ஷேக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் தன் கருவியோடு தெற்கு நோக்கிப் போய், வழி நெடுக, தொழிற்சாலையே இல்லாத நடுக்கடல் காற்றிலும் குளோரோஃப்ளோரோகார்பன் இருப்பதைக் கண்டார். 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். கீழே எதோடும் வினைபுரியாத இந்தச் சேர்மம் மேலே போனால் என்ன ஆகும்? அடுக்குமண்டலத்தில் புற ஊதா ஒளி பட்டு உடைந்து குளோரினை விடும், அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும். 1995-இல் பால் க்ரூட்சனோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொருவர் இருக்கிறார், எனக்கு அவர்தான் முக்கியம். வீ. ராமநாதன். தமிழர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்தவர். 1960-களில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை. என்ன வேலை தெரியுமா? ஃப்ரிட்ஜிலிருந்து காஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது! அந்த வேலை பிடிக்காமல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்து, கோள்களின் வளிமண்டலத்தைப் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். ரோலண்ட், மொலினா கட்டுரை வந்தபோது நாசாவின் லாங்லி மையத்தில் இருந்தார். எல்லோரும் ஓசோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்றைக் கணக்குப் போட்டார். இந்தக் காஸ் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை எவ்வளவு பிடித்து வைக்கும்? 1975-இல் சயன்ஸ் இதழில் வந்த விடை, ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று ஒப்பிட்டால் கார்பன் டையாக்சைடைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு. கரியமில வாயுவைத் தவிர வேறெதுவும் பெரிதாகப் பொருட்டில்லை என்று நினைத்திருந்த துறையில் இது இடி.

செகந்திராபாத்தில் எந்தக் கசிவைப் பிடிக்கச் சம்பளம் வாங்கினாரோ, அந்தக் கசிவு போய்ச் சேர்ந்த இடத்தை வர்ஜீனியாவில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். இதைப் படித்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவருடையதும் என்னுடையதும் ஒரே பாடத்திட்டம்தான், கிட்டத்தட்ட.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1985-இல் அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்து அளவீடுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா உடனே சேரவில்லை. 1990-இல் லண்டன் கூட்டத்தில் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி, ஓட்டை போட்டவர்கள் நீங்கள், மாற்றுக்கான பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் வழி சொல்லுங்கள் என்று நின்றார். பன்னாட்டு நிதி ஒன்று உருவானது, 1992-இல் இந்தியா சேர்ந்தது. அந்த நிதியின் உதவியோடு உற்பத்தியை மூடிய இந்திய நிறுவனங்கள் நாலு, அதில் ஒன்று நம்ம மேட்டூர் கெம்ப்ளாஸ்ட். அவர்கள் காஸின் பெயர் மெட்ரான். மேட்டூரின் 'மெட்', ஃப்ரியானின் 'ரான்' என்று வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். 2008 ஆகஸ்டு 1 முதல் இந்தியாவில் சிஎஃப்சி உற்பத்தி நின்றது, ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கு மட்டும் சில காலம் விதிவிலக்கு.

அமெரிக்காவில் வரி போட்டே ஆர்-12-ஐ நெரித்தார்கள். 1990-இல் பவுண்டுக்கு 1.37 டாலர், 1995-இல் 5.35 டாலர். 1992 ஜூலையிலிருந்து காற்றில் திறந்துவிடுவது குற்றம். விலை ஏறியதும் கடத்தல் வந்தது. 1990-களின் நடுவில் மயாமி துறைமுகத்தில் போதைப்பொருளுக்கு அடுத்தபடி பணம் புரண்ட சரக்கு இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. ஏசி காஸ்!

கார்கள் ஆர்-134ஏ-வுக்கு மாறின. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் ராமநாதன் போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம். அதனால்தான் 2016-இல் கிகாலியில் இதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள், புதுக் கார்கள் பலவற்றில் இப்போது ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. அதற்குக் கணக்கு ஒற்றை இலக்கம்தான், விலை மட்டும் பல மடங்கு.

இப்போது என் டப்பாக்களுக்கு வருகிறேன். மூன்று டப்பா, 1.02 கிலோ. பெருக்கினால் சுமார் 1,460 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும், அப்படியென்றால் 630 லிட்டர் பெட்ரோல். என் கார் அதில் 7,500 கிலோமீட்டர் ஓடும். டாலஸிலிருந்து நியூயார்க் போய், திரும்பி வந்து, மறுபடியும் நியூயார்க் போகலாம். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தே இதைச் செய்திருக்கிறேன். மகனிடம் ஃபேன் ஸ்விட்சை அணைக்கவில்லை என்று தினமும் சத்தம் போடுகிற ஆள் நான்.

தேட ஆரம்பித்தேன். மானிஃபோல்டு மீட்டர் செட் ஒன்று வாங்கினேன், நீலக் குழாய் லோ, சிவப்புக் குழாய் ஹை. வண்டி ஓடாதபோது இரண்டும் 97 பிஎஸ்ஐ காட்டின. அட, நிறைய இருக்கே என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன். அன்று காலை 30 டிகிரி. 30 டிகிரியில் ஆர்-134ஏ-வின் செறிவு அழுத்தம் அதுதான். உள்ளே துளி திரவம் மிச்சமிருக்கும்வரை மீட்டர் அதையே காட்டும். சமையல் சிலிண்டர் மாதிரி, கடைசிவரை அடுப்பு ஒரே சீராக எரியும், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். நிற்கும் வண்டியில் அழுத்தம் வெப்பநிலையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. எஞ்சினை ஓட்டியதும் உண்மை வெளியே வந்தது. லோ சைடு 20-க்குக் கீழே விழுவதும், க்ளட்ச் 'டக்' என்று விடுவதும், ஏறுவதும், மறுபடி பிடிப்பதுமாகச் சில நொடிக்கு ஒரு தடவை. காஸ் குறைவு.

போன வருடம் போட்ட டப்பாவில் புற ஊதாச் சாயம் இருந்தது. இரவு எட்டரைக்கு மேல், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகன் டார்ச் பிடிக்க, பானெட்டுக்குள் தலையை விட்டோம். "அப்பா, அங்க பாருங்க, பச்சை!" கண்டென்ஸருக்குள் போகும் குழாயின் இணைப்பில் பாசி மாதிரி மின்னியது. பகலில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. சாயமே தேவைப்பட்டிருக்காது. காஸ் கசிந்தால் கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கூட வரும், மூன்று வருடமும் அது என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

இணைப்பைக் கழற்றுமுன் உள்ளே இருப்பதை மெஷின் வைத்து எடுக்க வேண்டும், திறந்துவிடக் கூடாது. முதலில் போன கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். டப்பா போட்டீர்களா, அதில் ஓட்டை அடைக்கும் சீலர் இருந்ததா? இரண்டாவது வருட டப்பாவில் இருந்தது. என் மெஷினை நாசமாக்கிவிடும், முடியாது என்று அனுப்பிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். இரண்டாவது கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். 520 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது 190 கிராம்.

ஓ-ரிங் பொடிப்பொடியாக விரிசல் விட்டிருந்தது. புதிதில் கொஞ்சம் ஆயில் தடவிப் போட்டு மூடினேன். உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டினால் வேக்குவம் பம்ப் இரவல் தருவார்கள். 45 நிமிடம் ஓட்டினேன், உள்ளே ஈரம் இருந்தால் அந்த வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் அசையவில்லை. அப்புறம் மனைவியின் சமையலறைத் தராசில் டப்பாவை வைத்து, குறைந்த எடையைப் பார்த்துப் பார்த்து 520 கிராம் ஏற்றினேன். ஒரு முழு டப்பா, இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேல். வெளியே 40 டிகிரி, காற்று வரும் வாயில் 11 டிகிரி.

அது போன வருடம். இந்த மே மாதம் மகனே டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தான். அந்த இணைப்பில் பச்சை இல்லை. கம்ப்ரஸர் தண்டு பக்கம் மட்டும் ஒரு புள்ளி தெரிகிற மாதிரி இருந்தது, துடைத்துவிட்டு ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். மீதி 160 கிராம் உள்ள டப்பா கராஜ் அலமாரியில் இருந்தது. கோடையில் அங்கே ரொம்பக் காயும், வீட்டுக்குள் வை என்று தாத்தா சொன்னார். இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது, மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.